புயல் கடந்த பிறகு ஒரு சபை செய்ய வேண்டிய வேலைகள்: முதல் மூன்று நாளிலிருந்து இரண்டாம் வருடம் வரை

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் ஃப்ளோரிடாவில் கரை ஏறியது. மறுநாள் காலையில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் வட கரோலைனாவின் மலை ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. ஆஷ்வில் நகரத்தின் பெரிய குடிநீர்க் குழாய்கள் அடித்துப் போயின. குடிக்கத் தகுந்த தண்ணீர் குழாயில் திரும்ப வந்தது நவம்பர் 18 அன்று. அதாவது 53 நாள் கழித்து. குடிக்க பாட்டில் தண்ணீர் லாரி லாரியாக வந்து இறங்கியது. ஆனால் மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் கழிவறையில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீரை யார் தூக்கிக்கொண்டு படியேறுவது? அந்தப் பாட்டி எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்று முதலில் யாருக்குத் தெரியும்?

சபை என்று ஒன்று இருந்தால் அதற்குத் தெரியும். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் வேண்டும், யார் வீட்டு வாடகை பாக்கி, யார் வெளியில் சொல்லாமல் அழுகிறவர் என்பதெல்லாம் எந்த அரசு அலுவலகக் கணினியிலும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. உதவ வந்தவர்கள் எல்லாம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் சபை அதே ஊரில்தான் இருக்கும். பணமும் லாரியும் மற்றவர்களிடம் சபையைவிட அதிகம் உண்டு. ஆட்களைத் தெரிந்திருப்பது, ஊரைவிட்டுப் போகாமல் இருப்பது என்ற சபையின் இந்த இரண்டு பலங்களையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதியிருக்கிறேன்.

ஹூஸ்டன், டாம்பா, அட்லாண்டா, சார்லட் பக்கம் இருக்கும் தமிழ் சபைகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். சபை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பது குடும்பம் உள்ள சபையால் முடிகிற வேலைகளாகத்தான் சொல்கிறேன்.

முதல் படி: பட்டியல்

முதல் 72 மணி நேரத்துக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு குடும்பமும் எங்கே இருக்கிறது, உயிரோடு பத்திரமாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் நலமா?" என்று கேட்டுவிட்டு, இருபது கைகூப்பும் பொம்மைகள் வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பதில் போடாதவர்தான் ஆபத்தில் இருப்பவர். ஆளுக்கு ஐந்து குடும்பம் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் குரலைக் கேளுங்கள். செல்போன் கோபுரமே விழுந்துவிட்டால் (ஹெலீனில் பல இடங்களில் அதுதான் நடந்தது) வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான். அதனால் பட்டியல் காகிதத்திலும் இருக்க வேண்டும். பெயர், முகவரி, வெளியூரில் உள்ள ஓர் உறவினரின் எண், மருந்துகள், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி ஏதும் உண்டா என்பது, இவ்வளவு போதும்.

இந்தப் பட்டியலின் பலம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் நியூ ஆர்லியன்ஸின் கிழக்கு ஓரத்தில் உள்ள மேரி குயின் ஆஃப் வியட்நாம் ஆலயத்தைப் பார்க்க வேண்டும். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா அடித்தபோது அந்த வியட்நாமியப் பங்கு மக்கள் பல மாநிலங்களுக்குச் சிதறிப் போனார்கள். பங்குத்தந்தை வியென் தே நுயென் அவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். அக்டோபரிலேயே, மின்சாரம் இல்லாத ஊரில், திருப்பலி தொடங்கிவிட்டது. "ஆள் இல்லாத பகுதிக்கு எப்படிக் கரண்ட் கொடுப்பது" என்ற கேள்வி வந்தபோது அவர் கையில் திரும்பி வந்தவர்களின் பெயர்களும், திருப்பலிக்குக் கூடிய கூட்டத்தின் புகைப்படங்களும் இருந்தன. நவம்பரில் விளக்கு எரிந்தது. சுற்றுப்புறத்தில் பல பகுதிகள் அப்போதும் இருட்டில்தான் இருந்தன. அடுத்த வருடம் அவர்கள் ஊர்ப் பக்கத்தில் புயல் இடிபாடுகளைக் கொட்ட நகராட்சி ஒரு குப்பைமேட்டைத் திறந்தபோது, அதே மக்கள் தெருவில் இறங்கி அதை மூட வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 2017 ஓகி புயலின்போது குமரிக் கடற்கரை ஊர்களில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஊர் ஊராகத் தொகுத்ததில் பங்குத்தந்தையர்களின் பங்கு பெரியது.

இரண்டாம் படி: யாரோடு சேருவது

நம் தமிழ் சபைகளில் பல, இன்னொரு சபையின் கட்டடத்தில் மதியத்திலோ மாலையிலோ கூடுகிறவை. வாடகைக்கு இருக்கிறோம் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். புயல் காலத்தில் அது பெரிய வரம். கட்டடம் வைத்திருக்கும் சபைக்குப் பெரிய சமையலறை இருக்கும், வாகன நிறுத்தம் இருக்கும், மாவட்ட நிர்வாகத்தில் ஆள் தெரியும். முதல் நாளே அந்தப் போதகரைக் கூப்பிட்டு, "எங்களிடம் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

தனியாக ஒரு நிவாரண இயக்கம் தொடங்க வேண்டாம். அமெரிக்காவில் சபைகள் பல பத்தாண்டுகளாக வேலையைப் பிரித்துக்கொண்டு பழகிவிட்டன. மஞ்சள் சட்டை போட்ட பாப்திஸ்துகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைப்பார்கள், விழுந்த மரத்தை அறுப்பார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அந்தச் சாப்பாட்டை வண்டியில் ஏற்றி விநியோகிக்கும். மெத்தடிஸ்டுகள் துப்புரவு வாளி அனுப்புவார்கள், ஒவ்வொரு குடும்பத்தின் தேவைகளையும் விண்ணப்பங்களையும் தனித்தனியாக எடுத்து நடத்துவார்கள். வந்து குவியும் பொருட்களுக்குக் கிடங்கு நடத்துவதில் அட்வென்டிஸ்டுகள் கைதேர்ந்தவர்கள். பிரெத்ரன் சபையார் 1980 முதல் முகாம்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாரும் போன பிறகு வீடு கட்ட மென்னோனைட்டுகள் வருவார்கள். கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகளும் வின்சென்ட் தே பவுல் சபையும் வாடகை, மருந்து, பண உதவி என்று பார்ப்பார்கள். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று வருடம் முழுக்க வாதாடுகிறவர்கள் புயலன்று எவ்வளவு அழகாக வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் பாருங்கள்.

1969 கமீல் புயலில் ஒரே வீட்டுக்கு ஐந்து பேர் போய், அடுத்த வீட்டுக்கு ஒருவருமே போகாத குழப்பத்தைப் பார்த்த பிறகுதான் இந்த அமைப்புகளை ஒருங்கிணைக்கும் தேசியக் கூட்டமைப்பு 1970ல் உருவானது. உங்கள் மாநிலத்திலும் அதன் கிளை உண்டு. 211 என்ற எண்ணை அழைத்தாலே யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று வழி காட்டுவார்கள். அதில் உங்கள் சபைக்கு ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பு, கணினியில் விண்ணப்பம் நிரப்புவது, கணக்கு எழுதுவது போன்றவை நம் ஆட்களுக்குக் கைவந்த வேலை. மரம் அறுக்கும் இயந்திரத்தை யூடியூப் பார்த்து இயக்கப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: துணி சேகரிக்காதீர்கள்

இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. புயல் என்றதும் பழைய துணியை மூட்டை கட்டுவது நல்ல மனதால் செய்யும் தப்பு. அந்த மூட்டையைப் பிரித்து, தரம் பார்த்து, மடித்து அடுக்க நூறு மணி நேர மனித உழைப்பு போகும். அந்த நேரத்தில் நாலு வீட்டுச் சேற்றை வாரியிருக்கலாம். நிவாரண வேலையில் இருப்பவர்கள் கேட்காமல் வந்து குவியும் பொருளை "இரண்டாவது பேரிடர்" என்றே சொல்கிறார்கள்.

களத்தில் இருப்பவர் பெயர் சொல்லிக் கேட்டதை மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் கேட்பது மண்வாரி, கனமான குப்பைப் பை, என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, டயப்பர், பெண்களுக்கான நாப்கின். கடை திறந்துவிட்டால் கடை அட்டை (கிஃப்ட் கார்டு) கொடுப்பது இன்னும் மேல். எந்த அரிசி வேண்டும் என்று அந்தக் குடும்பமே முடிவு செய்யும், பக்கத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

நான்காம் படி: வீட்டுக்குள் நுழையும் முன்

தண்ணீர் வடிந்த வீட்டில் ஒன்றிரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் வேகம் வேண்டும். ஆனால் ஒரு பொருளைக்கூட வெளியே எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையும், சுவரில் தண்ணீர் நின்ற கோடும், குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் வரிசை எண்ணும். காப்பீட்டுக்காரருக்கும் ஃபெமாவுக்கும் (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) இந்தப் படங்கள்தான் சாட்சி. ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் வாரித் தெருவில் போட்டுவிட்டு, அப்புறம் "எங்களிடம் என்ன இருந்தது" என்று நிரூபிக்க முடியாமல் போன குடும்பங்கள் உண்டு.

மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே உள்ளே போக வேண்டும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகைக்குள் வைத்து ஓட்டக்கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. புயலில் தப்பியவர்கள் அதற்குப் பிறகு கார்பன் மோனாக்சைடால் சாவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. பிளீச்சையும் அம்மோனியா உள்ள எதையும் கலக்காதீர்கள்.

ட்ரைவாலை (சுவரில் பதித்த ஜிப்சம் பலகை) தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஓர் அடியாவது விட்டு வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் பஞ்சையும் உருவிவிட வேண்டும். மரச்சட்டம் நன்றாகக் காயும்வரை புதுச் சுவர் வைக்கக் கூடாது. ஈரத்தோடு மூடினால் ஆறு மாதத்தில் மறுபடி உடைக்க வேண்டும். ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது, சபைக்கு ஒன்று வாங்கி வையுங்கள். 1978க்கு முன் கட்டிய வீடென்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அங்கே பயிற்சி பெற்றவர்களை விடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட, வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் எறியாதீர்கள். சேறு படிந்த ஆல்பம் உங்களுக்குக் குப்பை. ஊரில் இறந்துபோன அம்மாவின் ஒரே படம் அதில் இருக்கலாம். ஒருவர் வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கென்றே வர வேண்டும். அவர் ஒரு வாளிகூடத் தூக்காவிட்டாலும் சரி.

வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். இது வெட்டி வேலையாகத் தோன்றும். ஆனால் மத்திய அரசு புனரமைப்புக்குப் பணம் தரும்போது வழக்கமாக 25 சதவீதத்தை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டியிருக்கும். தகுதியான தன்னார்வ உழைப்பின் மணிக்கணக்கை அந்தப் பங்கில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் நோட்டு ஊர் நிர்வாகத்துக்கு ரொக்கம் மாதிரி.

ஐந்தாம் படி: ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள், ஒரு கோப்பு

சபை செய்யக்கூடியதிலேயே மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து. வீடு இழந்தவருக்கு மூளை வேலை செய்யாது. அந்த நிலையில் காப்பீடு, ஃபெமா, வங்கி, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று பத்துப் பேரோடு பேச வேண்டும். பொறுமையுள்ள ஒருவரை ஒரு குடும்பத்துக்கென்று நியமியுங்கள். அவர் கையில் ஒரு கோப்பு. அதில் ஃபெமா பதிவு எண், பேரிடர் எண் (வட கரோலைனாவில் ஹெலீனுக்கு அது 4827), வந்த கடிதங்கள், யாரோடு எந்தத் தேதியில் பேசினோம் என்ற குறிப்பு, ரசீதுகள்.

வீடு காப்பீட்டில் இருந்தால் முதலில் அங்கே முறையிட வேண்டும். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது, வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். கடல் எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் கரோலைனா மலைகளில் அதை வாங்கியிருந்தவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது ஃபெமா. அறிவிக்கப்பட்ட மாவட்டத்தில் குடியிருந்தால் இணையத்திலோ 1-800-621-3362 என்ற எண்ணிலோ பதிய வேண்டும். வழக்கமான கெடு, பேரிடர் அறிவிப்பிலிருந்து 60 நாள். ஹெலீனுக்கு அது நீட்டிக்கப்பட்டது, ஆனால் நீட்டிப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. ஹெலீன் சமயத்தில் அவசரத் தேவைக்கு முதலில் 750 டாலர் கொடுத்தார்கள். "அவ்வளவுதான் கொடுப்பார்கள்", "அது கடன், திருப்பிக் கேட்பார்கள்" என்றெல்லாம் வதந்தி கிளம்பி, பலர் விண்ணப்பிக்கவே தயங்கினார்கள். இரண்டும் தவறு. அது முதல் தவணை மாதிரிதான். வீட்டுப் பழுது, வாடகை, இழந்த பொருட்கள் என்று தகுதிக்கேற்ப மேலும் கிடைக்கும். ஆராதனை முடிவில் அறிவிப்பு நேரம் இருக்கிறதே, அதில் இரண்டு நிமிடம் இதைச் சொல்லுங்கள். போதகர் வாயால் வந்தால் நம்புவார்கள்.

நம் ஆட்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். ஃபெமாவின் பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற சில பிரிவினருக்கும்தான். எச்-1பி என்ற வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு நேரடியாகக் கிடையாது. ஆனால் இங்கே பிறந்த, 18 வயது ஆகாத பிள்ளை வீட்டில் இருந்து, அதற்குச் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தால் அந்தப் பிள்ளையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. குடியேற்ற நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். பேரிடர் காலத்தில் இலவசச் சட்ட ஆலோசனை எண்களை வழக்கமாகத் திறப்பார்கள். முகாம், சாப்பாடு, தண்ணீர் போன்ற அவசர உதவிக்கு விசா கேட்பதில்லை. பிள்ளையும் இல்லாத இளம் எச்-1பி தம்பதியும், அறையைப் பகிர்ந்து வாழும் மாணவர்களும்தான் எந்த வலையிலும் விழாமல் நழுவிப் போகிறவர்கள். சபை நிதி முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

"தகுதி இல்லை" என்று கடிதம் வந்தால் பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. பல நேரம் அதன் பொருள், காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக் கடிதம் வரவில்லை, நீங்கள் அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் போதவில்லை, ஒரு கையெழுத்து விடுபட்டது, இப்படி ஏதாவது ஒன்றுதான். கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கோப்பு வைத்திருப்பவர் அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படித்து, கேட்ட காகிதத்தை இணைத்து அனுப்ப வேண்டும். ஊரில் தாலுகா ஆபீஸ் படியேறிப் பழகிய நம் அப்பாக்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பிரமாதமாகச் செய்வார்கள்.

கதவைத் தட்டி "ஃபெமா ஆய்வாளர், கட்டணம் கொடுங்கள்" என்பவர் திருடன். உண்மையான ஆய்வாளர் பணம் வாங்க மாட்டார். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் கூரைக் கான்டிராக்டரையும் அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: நிதி

புயல் நிதிக்குத் தனிக் கணக்கு, கையெழுத்துப் போட இருவர், முடிவெடுக்க மூவர் குழு. அந்த மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டின் உண்மை நிலவரம் அவர்கள் காதுக்குத்தான் வரும். "இந்தப் பணம் இன்னாருக்கு" என்று பெயர் குறித்துக் கொடுக்கப்படும் காணிக்கைக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்க முடியாது. நிதி பொதுவாக வர வேண்டும், யாருக்கு என்பதைக் குழு தீர்மானிக்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எதற்காக, எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதி வையுங்கள். பெறுபவர் மூப்பருக்கோ செயலாளருக்கோ உறவு என்றால் அதையும் எழுதுங்கள்.

வந்த பணம் முழுவதையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். பாதியையாவது ஆறு மாதத்துக்குப் பிறகு வரப்போகும் தேவைக்கு ஒதுக்குங்கள். காப்பீடும் ஃபெமாவும் கொடுப்பதைக் கொடுத்த பின் மிச்சமிருக்கும் குழியை நிரப்புவதுதான் சபைப் பணத்தின் வேலை. ஃபெமா தரவேண்டிய பழுதுச் செலவை நீங்கள் முந்திக்கொண்டு கொடுத்தால், ஒரே இழப்புக்கு இரண்டு முறை உதவி என்று அது கழிக்கப்படவும் கூடும்.

உதவி வாங்குபவர்களின் படத்தை முகநூலில் போடாதீர்கள். பெயரை மேடையில் வாசிக்காதீர்கள். கொடுத்தவர் பெயரையும்தான்.

ஏழாம் படி: மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

தொலைக்காட்சி வண்டிகள் போய்விடும். கிறிஸ்துமஸ் வரும். சபையில் மறுபடி பாடகர் குழு ஒத்திகை, கேரல் பவனி என்று வாழ்க்கை நகரும். வீடு இழந்தவருக்கு உண்மையான கஷ்டம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. தற்காலிக வாடகை உதவி முடியும், கான்டிராக்டர் போன் எடுக்க மாட்டார், கணவன் மனைவிக்குள் சண்டை வரும். வெள்ள அபாயப் பகுதியில் வீட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் சேதம் என்று கணக்கானால், இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்திக் கட்டச் சொல்வார்கள். சேதத்தைவிட அந்தச் செலவு மனிதரை உடைத்துவிடும்.

இந்தக் கட்டத்துக்கென்றே மாவட்ட அளவில் நீண்டகால மீட்புக் குழுக்கள் அமைகின்றன. சபைகள், தொண்டு அமைப்புகள், வங்கிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு குடும்பத்தின் கோப்பை எடுத்து, "ஜன்னல் நீங்கள், கூரை நாங்கள், ஆட்கள் அவர்கள்" என்று பங்கு போடுவார்கள். கத்ரீனாவுக்குப் பிறகு வெளிநாடுகள் தந்த நன்கொடையிலிருந்து 6.6 கோடி டாலர் இப்படிக் குடும்பம் குடும்பமாகக் கோப்பு எடுத்து உதவி பெற்றுத் தருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியது மெத்தடிஸ்ட் சபையின் நிவாரண அமைப்பு. உங்கள் சபையிலிருந்து ஒருவர் அந்த மேசையில் உட்கார வேண்டும். கூட்டங்கள் சலிப்பாக இருக்கும். போங்கள்.

மனம் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். மழை பெய்தால் பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது, அப்பா இரவில் எழுந்து வாசலைப் பார்க்கிறார் என்றால் "ஜெபம் பண்ணுங்க, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், கூடவே 1-800-985-5990 என்ற பேரிடர் மனத்துயர் உதவி எண்ணையும் கொடுங்கள். "கடவுள் சோதிக்கிறார்", "பொருள்தானே போச்சு" என்ற இரண்டு வாக்கியங்களையும் சபையார் வாயிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு டிபன் பாத்திரத்தில் ரசம் சாதத்தோடு போய், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

முதல் வருட நினைவு நாளில் மறுபடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். இரண்டாம் வருடமும். எத்தனை கோப்பு மூடியாயிற்று, எத்தனை இன்னும் திறந்திருக்கிறது என்று கமிட்டி கூட்டத்தில் காணிக்கைக் கணக்கு வாசிப்பதுபோல வாசிக்க வேண்டும்.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை. மே மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, அந்தக் காகிதப் பட்டியலை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். போன வருடம் குழந்தை பிறந்தவர்கள், வீடு மாறியவர்கள், எண் மாற்றியவர்கள் எல்லாரும் பேனாவால் திருத்திவிட்டுப் போகட்டும்.